மனவடுவும் தன்னேற்பும்

பேராசிரியர் தயா சோமசுந்தரத்தின் 'மனவடு' 1993இல் வெளிவந்தது. போர் முதலிய பேரனர்த்தங்கள் உள்ளத்தில் விளைக்கும் தாக்கத்தைத் தமிழில் விளக்க முற்பட்ட முன்னோடி நூல்களுள் அது ஒன்று. அதன் பெயரே ஆய்வுக்குரியது. புண் ஆறியபின் எஞ்சும் தழும்பையே வழக்கில் வடு என்கிறோம். வள்ளுவரோ நாவினாற் சுட்டதை ஆறாத வடு என்றார். ஆறியதன் அடையாளமா, ஆறாமையின் பெயரா? உளச்சிகிச்சையின் எல்லை பற்றிய வினாவும் இவ்விரு பொருள்களுக்கும் இடையிலேயே எழுகின்றது.

உளச்சிகிச்சை நினைவை அழிப்பதன்று. உறக்கமின்மை, திடுக்கிடல், காரணமற்ற சினம் ஆகியவற்றால் அல்லற்படுபவர் அவற்றைத் தம் பலவீனமென்றோ பைத்தியத்தின் தொடக்கமென்றோ கருதி மறைக்கின்றார். மறைத்தலே துன்பத்தை இரட்டிப்பாக்குகின்றது. அசாதாரண நிகழ்வுக்கு மனித உள்ளம் காட்டும் இயல்பான எதிர்வினை இதுவென உணர்த்துவதும், இடைமறியாது செவிமடுப்பதும் உளவளத்துணையின் முதற்பணிகள். சைவருக்கு மந்திர உச்சாடனமும் கத்தோலிக்கருக்குச் செபமாலையும் தளர்வுப் பயிற்சியாக அமையலாம் என்று காட்டியமை இத்துறைக்கு நம் மண்ணின் மணத்தை அளித்தது. இவ்வழியே தன்னைத் தானே வெறுக்கும் நிலை நீங்குவதே தன்னேற்பு.

எனினும், தன்னேற்பு என்பது அநீதிக்கு இணங்குதலாகாதா என்னும் ஐயம் புறக்கணிக்கத் தக்கதன்று. மயிலிட்டியை எண்ணிப் பார்க்கலாம். 1990 ஜூனில் அவ்வூர் மக்கள் இடம்பெயர்ந்தனர்; துறைமுகமும் அதையடுத்த நிலத்தின் ஒரு பகுதியும் 2017 ஜூலையிலேயே விடுவிக்கப்பட்டன. இடையில் 27 ஆண்டுகள். கடலையே தொழிலாகக் கொண்டோர் பலர் கடல் காணா நலன்புரி முகாம்களில் முதுமை எய்தினர். அத்தகையோரிடம் 'உம்மை நீரே ஏற்றுக்கொள்ளும்' எனின், 'இழப்பையும் ஏற்றுக்கொள்ளும்' என்றே அது செவிப்படக்கூடும். 1993இல் அவர்களுக்கு நேர்ந்தது வடுவன்று, மூடாத புண். நூற்பெயரின் போதாமை இங்கேதான் புலப்படுகின்றது: நிகழ்வு முடிந்துவிட்டது என்னும் எண்ணத்தை அச்சொல் தன்னுள் கொண்டுள்ளது.

இப்போதாமையை ஆசிரியரின் பிற்கால எழுத்துகளே ஈடுசெய்தன எனலாம். 1998இல் வெளிவந்த ஆங்கில நூலின் பெயர் வடுப்பட்ட உள்ளங்களைச் சுட்டியது. 2014ஆம் ஆண்டு நூலின் பெயரோ வடுப்பட்ட சமுதாயங்களைச் சுட்டியது. தனிமனித உள்ளத்திலிருந்து ஊர், உறவு, தொழில், நம்பிக்கை ஆகியவற்றின் சிதைவை நோக்கிப் பார்வை விரிந்தமைக்கு இப்பெயர் மாற்றமே சான்று. அந்நோக்கில், நிலமும் தொழிலும் மீளக் கிடைப்பதும் சிகிச்சையின் கூறேயாகும்.

அதற்காக, நிலம் கிடைத்தால் உள்ளம் தானே ஆறும் என்பாரின் கூற்றும் முழுமையானதன்று. மீண்டு வந்தவர் கண்டது விட்டுச்சென்ற ஊரையன்று. இடிந்த சுவர்களையும் பற்றை மண்டிய வளவுகளையுமே. அங்கு நின்று அழுவதற்கும் செவிமடுக்க ஒருவர் வேண்டும். தன் துயருக்குத் தான் குற்றவாளியல்லன் என உணர்ந்தவனே தன் உரிமையையும் தெளிவாகக் கேட்க வல்லவன். தன்னேற்பின் பயன் அதுவே. அடங்கிப்போதல் அதன் பயனன்று.