நரம்பும் பின்னலும் சேரும் இடம்

மீன் அறுத்துக்கொண்டு போனதும் எல்லோரும் தண்ணீரைத்தான் பார்க்கிறோம். பார்க்க வேண்டியது கையில் மிஞ்சிய நுனியை. அது சுருள்வில் போலச் சுருண்டிருந்தால் முடிச்சு அறுபடவே இல்லை. இழுப்பில் வழுக்கிக் கழன்றிருக்கிறது. பிசிர் தட்டி வெளுத்திருந்தால் பாறையோ சிப்பியோ மீனின் பல்லோ தேய்த்திருக்கிறது. முடிச்சை ஒட்டிப் பட்டென்று துண்டாகியிருந்தால் முடிச்சே நரம்பை அறுத்திருக்கிறது. மூன்றும் வெவ்வேறு கோளாறு. ஆனால் மூன்றுக்கும் நரம்பைக் குறை சொல்லிவிட்டு, அடுத்த முறை அதே முடிச்சை அதே மாதிரி போடுகிறோம்.

இன்று ராடும் ரீலும் வைத்துக் கடலில் வீசுகிறவர்களில் மிகப் பலர் இரண்டு வகை இழையைச் சேர்த்தே பயன்படுத்துகிறார்கள். ரீல் நிறைய பிரெய்டு, அதன் முனையில் ஒன்றிரண்டு மீட்டர் லீடர். பிரெய்டு என்பது பாலிஎத்திலீன் இழைகளைப் பின்னிச் செய்த நூல். நீளவே நீளாது, தூரத்தில் மீன் தொட்டாலும் விரலுக்குத் தெரியும். ஆனால் பாறையில் உரசினால் தாங்காது. லீடருக்கு நைலான் நரம்போ ஃபுளோரோகார்பனோ போடுகிறோம். உரசலைத் தாங்கும். ஃபுளோரோகார்பனின் ஒளிவிலகல் எண் 1.42, தண்ணீருக்கு 1.33, நைலானுக்கு ஏறக்குறைய 1.53. தண்ணீருக்கு நெருக்கமாக இருப்பதால் மீன் கண்ணில் குறைவாகப் படும் என்பது கணக்கு. இரண்டையும் சேர்க்க நடுவில் ஒரு முடிச்சு வந்தே தீரும். அங்கேதான் சிக்கல் தொடங்குகிறது.

பொருள் மாறும்போதெல்லாம் முடிச்சும் மாறியிருக்கிறது. பருத்தி நூலில் ஒற்றை வலை முடிச்சு நன்றாகவே நிற்கும். நைலான் நரம்பில் அது நழுவும், அதனால் நரம்பு வலையில் இரட்டை முடிச்சு வந்தது. தூண்டிலிலும் இதே கதைதான். நைலானுக்கு முன், ஐரோப்பிய ஆறுகளில் மீன் பிடித்தவர்கள் பட்டுப்புழுவின் பட்டுச் சுரப்பியை இழுத்து உலர்த்திய இழையை லீடராகக் கட்டினார்கள். ஒவ்வொரு துண்டும் குட்டை. ஒரு லீடருக்குப் பல துண்டுகளை இணைக்க வேண்டும். உலர்ந்த இழை விறைப்பானது என்பதால் ஊறவைத்துத்தான் முடிய முடியும். அந்தத் தேவைக்குப் பொருந்தி வந்ததுதான் பிளட் நாட். இரண்டு முனைகளும் எதிரெதிராகச் சுற்றி, நடுவில் ஒரே துளைக்குள் நுழையும். முடிச்சுகளுக்கென்றே கிளிஃபோர்ட் ஆஷ்லி 1944இல் வெளியிட்ட பெரும் நூலும் மெல்லிய, விறைப்பான, வழுக்கும் இழைக்கு இதையே உயர்த்திச் சொல்கிறது. டூபான்ட் ஆய்வகத்தில் 1935இல் பிறந்த நைலானுக்கும் அது அப்படியே பொருந்தியது. 1990களில் பிரெய்டு வந்தபோதுதான் கைவிட்டது. இரண்டு இழையும் ஏறக்குறைய ஒரே தடிமனாக இருந்தால்தான் பிளட் நாட் ஒழுங்காக அமரும். மெல்லிய, மெழுகு போல் வழுக்கும் பிரெய்டையும் தடித்த லீடரையும் அதில் சேர்த்தால் ஒன்று மற்றதிலிருந்து நழுவிவிடும்.

அந்த இடத்தைத்தான் ஜப்பானிலிருந்து வந்த எஃப்ஜி முடிச்சு பிடித்துக்கொண்டது. உண்மையில் அதை முடிச்சு என்பதே பாதிதான் சரி. லீடர் எங்கும் வளைவதில்லை, நேராகக் கிடக்கிறது. பிரெய்டு அதன்மேல் இடமும் வலமுமாக மாறி மாறிப் பின்னி ஏறுகிறது, ஏறக்குறைய இருபது சுற்று. இழுக்க இழுக்கப் பின்னல் இறுகி லீடரைக் கவ்வும். தோணியைக் கரையில் கட்டும்போது குற்றியில் இரண்டு சுற்று சுற்றிவிட்டு ஒரு கையால் பிடித்து நிற்கிறோமே, அதே விதி. சுற்று கூடக் கூடப் பிடிப்பு கூட்டலாக அல்ல, பெருக்கலாக ஏறும். உராய்வுக் கெழு பாதியானால் அதே பிடிப்புக்கு இரண்டு மடங்கு சுற்று வேண்டும் என்பதும் அந்த விதிக்குள்ளேயே இருக்கிறது. வழுக்கும் பிரெய்டுக்கு ஏன் இத்தனை சுற்று என்பதற்கு விடை அதுதான்.

இதன் சிறப்பை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். முடிச்சிட்ட இழை பெரும்பாலும் முடிச்சின் வாயில், அதாவது நேர் இழை வளைவுக்குள் நுழையும் இடத்தில்தான் அறுகிறது. லீடர் வளையாதபோது அதற்கு அப்படியொரு வாயே இல்லை. முடிச்சு மெலிந்திருப்பதால் ராடின் வளையங்களில் இடிக்காமல் போகும். நீண்ட லீடரை ரீலுக்குள்ளேயே சுற்றி வைத்து வீசலாம். பெரிய பாறை மீனைத் தேடிப் போகிறவர்கள் இதை விடாமல் பிடித்திருப்பது வெறும் மோகத்தால் அல்ல.

குறையோ, அதன் சிறப்புக்குள்ளேயே இருக்கிறது. பிடிப்பு முழுவதும் இறுக்கத்தை நம்பியது. பின்னும்போது பிரெய்டு ஒருமுறை தளர்ந்தாலும், கடைசியில் முழுப் பலத்தோடு இழுத்து இறுக்காவிட்டாலும், அது வெறும் சுருளாக லீடர்மேல் உட்கார்ந்திருக்கும். பார்வைக்கு அழகாகவே இருக்கும். கையால் லேசாக இழுத்தாலும் நிற்கும். மீன் ஓடும்போதுதான் லீடர் உருவிக்கொண்டு போகும். நன்றாகக் கட்டிய எஃப்ஜிக்கும் மோசமாகக் கட்டிய எஃப்ஜிக்கும் உள்ள தூரம் நான் அறிந்த வேறெந்த இணைப்பு முடிச்சிலும் இல்லை. ஆடும் படகில், காற்றில், உப்பு ஈரக் கையோடு, ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு இதைக் கட்டுகிறவர் எந்தப் பக்கம் விழுவார் என்று சொல்ல முடியாது.

ஆனால் ஒப்பீடுகள் எல்லாம் அதன் சிறந்த முகத்தை மட்டுமே காட்டுகின்றன. இந்த முடிச்சு 95 சதவீதம், அது 80 சதவீதம் என்று அட்டவணை போடுகிறார்கள். எதில் 95? டப்பாவில் அச்சிட்ட எண்ணிலா, அந்த இழை உண்மையில் அறும் எடையிலா? பல பிரெய்டுகள் தம்மேல் அச்சிட்டதைவிட அதிகம் தாங்கும். அச்சிட்ட எண்ணோடு ஒப்பிட்டால் சுமாரான முடிச்சும் நூறைத் தாண்டும். சோதனை மேசையில் இழுப்பு மெதுவாக, நேராக வருகிறது. மீனின் இழுப்போ வெடுக்கென்று வரும். நைலான் தண்ணீர் குடித்தால் வலு ஓரளவு குறையும். உலர்ந்த நரம்பில் எடுத்த எண் கடலில் செல்லாது. எல்லாவற்றையும்விட, அந்த எண்கள் பெரும்பாலும் கைதேர்ந்தவர் நிதானமாகக் கட்டிய முடிச்சின் எண்கள். ஒரு முடிச்சைப் பத்து முறை கட்டினால் அதில் மிக மோசமானது எவ்வளவு தாங்கியது என்பதே எனக்கு வேண்டிய எண். அதை யாரும் முன்னால் வைப்பதில்லை.

அந்த அளவுகோலில் டபுள் யூனி உயர்ந்து நிற்கிறது. ஃபுளோரிடாவின் விக் டனவே பரப்பிய யூனி முடிச்சை இரு பக்கமும் போட்டு ஒன்றோடொன்று முட்டவிடுவதுதான் அது. பிரெய்டில் ஆறேழு சுற்று, லீடரில் மூன்று நான்கு. இருட்டிலும் விரல் உணர்விலேயே கட்டிவிடலாம். தவறாகக் கட்டினால் இறுக்கும்போதே கண்ணுக்குத் தெரியும். லீடர் தடித்தால் புடைப்பாகி வளையத்தில் தட்டும் என்பது மெய்யான குறை. ஜிம்மி ஆல்பிரைட்டின் பெயர் தாங்கிய முடிச்சு இரண்டுக்கும் இடைப்பட்டது. அவசரத்துக்குச் சர்ஜன் முடிச்சும் போதும்.

எது வலியது என்று மட்டும் கேட்பதில் இன்னொரு கேள்வி விடுபடுகிறது: அறுந்தே தீரும் என்றால் எங்கே அறுபட வேண்டும்? தூண்டில் முள்ளை ஒட்டி அறுந்தால் மீன் ஒரு முள்ளோடு போகும். இணைப்பில் அறுந்தால் இரண்டு மீட்டர் நரம்பை இழுத்துக்கொண்டு திரியும். அதற்கும் மேலே அறுந்தால் மக்கவே மக்காத பிரெய்டு பவளப்பாறையில் சிக்கிக் கிடக்கும். வலுவான இணைப்பு முடிச்சின் உண்மையான பயன், அறுபடும் இடத்தை முள் பக்கம் தள்ளுவதுதான். 30 பவுண்டு பிரெய்டில் 60 பவுண்டு லீடர் கட்டும் வழக்கம் அந்தப் பயனையே அழித்துவிடுகிறது. முள் பக்கம் எதுவும் அறாது, இணைப்போ பிரெய்டோதான் போகும். பல்லுக்கும் பாறைக்கும் தடித்த லீடர் வேண்டும் என்ற நியாயம் எனக்கும் தெரியும். கொடுவா பிடிக்கும் இடத்தில் நானும் தடித்ததையே கட்டுகிறேன். அதைத் திறந்த மணற்கரையிலும் பழக்கத்தால் கட்டுவதைத்தான் ஏற்க முடியவில்லை.

நான் எஃப்ஜியை வீட்டில், முந்தைய இரவே கட்டிவிடுகிறேன். எச்சில் தொட்டு நனைத்து, கையில் துணி சுற்றிக்கொண்டு, ரீல் அனுமதிக்கும் இழுப்பைவிடக் கூடுதலாக இழுப்பேன். சரியாக இறுகினால் பின்னலின் நிறம் ஒரு படி கருக்கும். கருக்காவிட்டால் வெட்டிவிட்டு மறுபடி கட்டுவேன். படகில் அறுந்தால் டபுள் யூனிதான், லீடரும் ஒரு அளவு மெல்லியது.