ஜாஸ் இசையும் தமிழ்ச் செவியும்

ஜாஸ் இசையைக் கேட்கத் தொடங்க விரும்பும் தமிழர் ஒருவர்க்கு எந்த இசைத்தட்டை முதலில் கையில் கொடுப்பது? மேல்நாட்டார் வெளியிடும் 'சிறந்த நூறு' பட்டியல்கள் இதற்கு அத்துணை உதவா. அவை பியானோவும் எக்காளமும் கேட்டு வளர்ந்த செவிக்கு எழுதப்பட்டவை. ஆயர் ஈத்தாம் போன்ற ஊர்களின் தோட்டக் கோயில்களில் நாதசுரமும் தவிலும் உறுமியும் கேட்டு வளர்ந்தோர்க்கு வேறு வாயில் வேண்டும்.

அவ்வாயில் எனப் பலரும் காட்டுவது 'சக்தி' குழுவின் முதல் தட்டு. 1975ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் அமெரிக்கக் கல்லூரி ஒன்றில் நடந்த கச்சேரியைப் பதிந்து 1976இல் வெளியிட்டது அது. ஆங்கிலேயரான ஜான் மெக்லாலின் கிதார், எல். சங்கர் வயலின், ஜாகிர் உசேன் தபலா, இராகவன் மிருதங்கம், விக்கு விநாயகராம் கடம். நம்மவர்க்கு இதில் அயன்மையே தோன்றாது. குறையும் அதுவே. நல்ல தனியாவர்த்தனம் கேட்ட மகிழ்ச்சியோடு எழுந்துவிடுவோம். இதில் ஜாஸ் எங்கே இருந்தது என்று ஒருவர் வினவினால் விடை கூறல் அரிது. இதனால் அத்தட்டு தாழ்ந்தது என்பதன்று. கடத்துக்குக் கிதார் விடையிறுக்கும் இடங்கள் மிக உயர்ந்தவை. ஆயினும் அங்கேயே நின்றுவிடலாகாது.

மெக்லாலின் எங்கிருந்து வந்தார் எனப் பின்னோக்கிச் செல்வதே நல்வழி. 1969இல் அவர் மைல்ஸ் டேவிசுடன் வாசித்தார். அவ்வாண்டுத் தட்டுகள் புதியவர்க்கு ஆகா. மின்கருவிகளின் ஆரவாரம் மிகுதி. அதே டேவிஸ் 1959இல் மார்ச்சு, ஏப்ரல் திங்களில் இரண்டே நாள்களில் பதிந்து முடித்த 'கைண்ட் ஆஃப் புளூ' என்னும் தட்டே நாம் தேடுவது.

அதன் முதற்பகுதி 'சோ வாட்'. நான்கு எண்ணிக்கை கொண்ட 32 அளவுகள் இதில் ஒரு சுற்று. முதல் 16 அளவுகளும் இறுதி 8 அளவுகளும் நம் கரகரப்பிரியாவின் ஏழு சுரங்களில் அமைந்தவை. ஆனால் கமகத்தைத் தேடுதல் வீண். காந்தாரம் அசையாது நிற்கும். இடையிலுள்ள 8 அளவுகளில் அதே சுர வரிசை அரைச் சுரம் மேலேறிவிடுகிறது. ஆதார சட்சமமே இடம் பெயர்கிறது! சுருதி கலைந்ததோ என்று நம் செவி திடுக்கிடும். ஆதாரம் அசையாதிருக்க இராகம் விரிவது நம் மரபு. ஆதாரமே நடந்து செல்ல, அதன்மேல் அவ்வப்போது கற்பித்து வாசிப்பது அவர் மரபு. விரல்விட்டு எண்ணிக்கொண்டு நாலைந்து நாள் இவ்வொரு பகுதியையே கேட்டால் அந்த நகர்ச்சி இயல்பாகிவிடும். அதன்பின் ஆளுக்கு ஆள் வேற்றுமை புலனாகும். டேவிசின் எக்காளம் சில சொல்லே பேசும். ஜான் கோல்ட்ரேனின் சாக்சபோன் சொல்லை அடுக்கிக்கொண்டே போகும்.

அக்கோல்ட்ரேன் 1964 டிசம்பர் 9ஆம் நாள் மூவரைத் துணைக்கொண்டு பதிந்த 'எ லவ் சுப்ரீம்' இரண்டாவதாகக் கேட்கத்தக்கது. நான்கு பகுதிகள், முழுதும் இறைவனுக்குக் காணிக்கை. இறுதிப் பகுதியில் அவர் தாம் இயற்றிய வேண்டுதற் பாட்டைப் பாடாமல், சொல் சொல்லாகச் சாக்சபோனில் ஊதுகிறார். கீர்த்தனையின் சாகித்தியத்தை உள்ளத்தில் வைத்து ஊதும் நாதசுர வித்துவான்களை அறிந்த நமக்கு இது எளிதில் விளங்கும். அப்பாட்டு தட்டின் உறையிலேயே அச்சாகியுள்ளது. அதைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டல் நன்று.

கோல்ட்ரேன் தம் உருப்படி ஒன்றுக்கு 'இந்தியா' என்றும், 1965இல் பிறந்த மகனுக்கு இரவிசங்கரை நினைந்து ரவி என்றும் பெயரிட்டார். இவற்றைக் காட்டி, ஜாஸ் நம் இராகத்தினின்று கிளைத்ததே என்பது பொருந்தாப் பெருமை. இரவிசங்கரைக் கோல்ட்ரேன் கேட்குமுன்பே ஜாஸ் அரை நூற்றாண்டு வளர்ந்துவிட்டது. அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கரின் வழித்தோன்றல்கள் நியூ ஆர்லியன்சு நகரில் வேலைப்பாட்டும் கோயிற்பாட்டும் ஊர்வல வாத்தியமும் கலந்து ஆக்கியது அது. பால்மரக் காட்டில் கூலிகளாய் நின்று ஒப்பாரியும் கும்மியும் பாடியோரின் பேரர்க்கு அவ்விசையோடு உறவு கொண்டாட இந்த வழி போதும்; இராகத்தை இழுத்துவர வேண்டுவதில்லை.

தமிழ்ப் பெற்றோர்க்கு அமெரிக்காவில் 1971இல் பிறந்த விஜய் ஐயரின் பியானோவையும் பெயர் கண்டு முதலில் வாங்குதல் வேண்டா. மேற்சொன்ன இரண்டும் செவியில் ஊறியபின், கிதார்க் கலைஞர் பிரசன்னாவுடனும் தபலாவுடனும் அவர் 2011இல் வெளியிட்ட 'தீர்த்தா'வைக் கேட்டால், கமகத்தோடு பேசும் கிதாரும் அசையாச் சுரங்களின் பியானோவும் எங்கே இணங்குகின்றன, எங்கே பிணங்குகின்றன என்பது தெரியும்.

பழமைக்குச் செல்ல விரும்புவோர் 1928இல் லூயி ஆம்ஸ்டிராங் பதிந்த 'வெஸ்ட் எண்ட் புளூஸ்' கேட்கலாம். தொடக்கத்தில் துணைக்கருவி ஏதுமின்றி எக்காளம் மட்டும் சில நொடிகள் ஒலிக்கும். பதிவில் இரைச்சல் உண்டு. அந்தச் சில நொடிகளுக்காகப் பொறுத்துக்கொள்ளலாம்.