எச்சமும் முன்னமும்: ஓவர்வாட்ச் விளையாட்டின் கதையாக்கமும் இரசிகர் வாசிப்பும்

முன்னுரை

கணினி விளையாட்டு ஒன்றைப் பனுவலாகக் கொண்டு ஆராய முற்படும்போது எழும் முதற்சிக்கல், அதன் கதை எங்கே இருக்கிறது என்பதாகும். நாவலிலும் நாடகத்திலும் கதை பனுவலுக்குள்ளேயே அமைகிறது. குழுக்களாகப் பிரிந்து மோதும் துப்பாக்கிப் போர் விளையாட்டுகளிலோ ஆட்டம் ஓரிடத்திலும் கதை வேறோரிடத்திலும் அமைந்துவிடுகின்றன. அமெரிக்காவின் பிளிசார்ட் நிறுவனம் 2016 மே 24இல் வெளியிட்ட ஓவர்வாட்ச் இதற்குத் தக்க சான்றாகும். கதையின் பெரும்பகுதியைச் சொல்லாமல் விட்டதே இவ்விளையாட்டின் ஆற்றல். விடுபட்டதை நிரப்பிய இரசிகர்களுக்கு அப்பனுவலின்மீது உரிமை ஏதும் இல்லாமற்போனதே அதன் அவலம். இக்கருத்தை இக்கட்டுரை நிறுவ முற்படுகிறது. தொல்காப்பியச் செய்யுளியல் கூறும் எச்சம், முன்னம் ஆகிய இரு செய்யுளுறுப்புகள் ஆய்வுக் கருவிகளாகக் கொள்ளப்படுகின்றன.

விளையாட்டின் அமைப்பு

ஓவர்வாட்சில் ஆடுவோர் ஒவ்வொருவரும் ஒரு நாயகரைத் தேர்ந்துகொள்கின்றனர். தொடக்கத்தில் 21 நாயகர் இருந்தனர். அணிக்கு அறுவர் என்றிருந்த முறை 2022இல் ஐவர் என மாறியது. காப்போர், தாக்குவோர், துணைசெய்வோர் எனப் பாத்திரங்கள் வகைப்படுத்தப்பட்டுள்ளன. ஓர் ஊர்தியை உரிய இடத்தில் சேர்ப்பதோ ஓர் இடத்தைக் கைப்பற்றி நிலைநிறுத்துவதோ ஆட்டத்தின் நோக்கமாகும். சில நிமிடங்களில் ஆட்டம் முடிந்துவிடும். மீண்டும் முதலிலிருந்து தொடங்கும்.

வால்வ் நிறுவனம் 2007இல் வெளியிட்ட டீம் ஃபோர்ட்ரஸ் 2 இவ்வகைக்கு முன்னோடியாகும். அதில் வரும் ஒன்பது பாத்திரங்களும் மருத்துவர், பொறியாளர், ஒற்றர் எனத் தொழிலால் பெயர்பெற்ற மாதிரிகளே. ஓவர்வாட்சின் நாயகர்களுக்கோ பெயரும் பிறந்த ஊரும் தாய்மொழியும் கடந்தகாலமும் உண்டு. ஆயினும் அக்கடந்தகாலம் ஆட்டத்துக்குள் நிகழ்வதில்லை. எந்திர மனிதரோடு நடந்த பெரும்போர், அதனை முடித்துவைத்த அமைதிப்படை, அப்படையின் கலைப்பு ஆகிய செய்திகள் குறும்படங்களிலும் சித்திரக்கதைகளிலும் சிறுகதைகளிலும் சிதறிக் கிடக்கின்றன. ஹான்சோ தன் தம்பி கென்ஜியைக் கொன்றுவிட்டதாக நம்பி வாழ்ந்ததை 2016இல் வந்த ஒரு குறும்படம் சொல்கிறது. ஆட்டத்திலோ அவ்விருவரும் ஒரே அணியில் தோளோடு தோள் நிற்கலாம். பகையும் உறவும் ஆட்டத்தின் போக்கை மாற்றுவதில்லை.

எச்சமும் முன்னமும்

ஆட்டம் தொடங்குமுன் அணியினர் வாயிற்கதவு திறக்கும்வரை காத்திருக்கின்றனர். அவ்வேளையில் நாயகர் இருவர் ஓரிரு தொடர்களில் உரையாடுவதுண்டு. முன்பின் தொடர்ச்சியற்ற அவ்வுரையாடலைக் கேட்போர், கூறுபவர் யார், கேட்பவர் யார், எந்நிகழ்ச்சியை எண்ணிக் கூறப்பட்டது என உய்த்துணர வேண்டியுள்ளது. இடத்தையும் கூறுவோரையும் கேட்போரையும் கூற்றிலிருந்தே உணரச்செய்வதைத் தொல்காப்பியம் முன்னம் என்கிறது. சொல்லாலோ குறிப்பாலோ எஞ்சி நிற்பதைக் கொண்டு பொருளை முடித்துக்கொள்ளுமாறு அமைவது எச்சம். தனித்தனிக் கூற்றுகளாக நிற்கும் அகப்பாடல்களைப் படிப்போர் அவற்றுக்குப் பின்னுள்ள வாழ்க்கையைத் தாமே கூட்டிக்கொள்வதைப் போன்றதே இதுவும்.

ஆனால் இவ்வொப்புமைக்கு எல்லை உண்டு. அகப்பாடலில் தலைமக்களின் பெயர் சுட்டப்படுவதில்லை. அதனால் அவர்தம் உணர்வு எல்லோர்க்கும் பொதுவாகிறது. ஓவர்வாட்சில் பெயரும் நாடுமே வாசிப்புக்கு நுழைவாயிலாகின்றன. இதனினும் முதன்மையான வேறுபாடு ஒன்றுண்டு. அகப்பாடலின் எச்சத்தை நிரப்பும் மரபு புலவர்க்கும் கேட்போர்க்கும் பொதுச்சொத்து. அதற்கு உடைமையாளர் இல்லை. ஓவர்வாட்சின் பின்புலக் கதையோ பதிப்புரிமை பெற்ற வணிகச் சொத்து. பிறர் நிலத்தில் புகுந்து வேட்டையாடுவோராக இரசிகர்களை உருவகித்த ஹென்றி ஜென்கின்சின் நூல் 1992இல் வெளிவந்தது. ஓவர்வாட்சின் இரசிகர்களோ நிலவுடைமையாளரே வேலியைத் திறந்துவைத்து அழைத்தமையால் உள்ளே வந்தவர்கள். அழைப்பின் எல்லையை வகுத்தவரும் அவ்வுடைமையாளரே. பின்வரும் மூன்று வாசிப்புகள் இதனைத் தெளிவுறுத்தும்.

ஏற்கப்பட்ட வாசிப்பு: சிமெட்ரா

சத்யா வாஸ்வானி என்னும் இயற்பெயருடைய சிமெட்ரா ஐதராபாத்தின் வறுமையிலிருந்து விஷ்கார் என்னும் கற்பனை நிறுவனத்தால் எடுத்து வளர்க்கப்பட்டவள். ஒளியைத் திடப்பொருளாக்கும் அவள் தொழில்நுட்பம் இளமையில் பயின்ற மரபான இந்திய நடனத்தோடு ஒப்பிடப்படுகிறது. அது எந்த நடனம் என்பது கூறப்படவில்லை. ஊர்ப்பெயர் உண்டு, ஊர் இல்லை; நடனம் உண்டு, அதற்கு மரபுப்பெயர் இல்லை. அயலார் பார்வையிலான பொதுமை இந்தியாவே இங்குப் படைக்கப்பட்டுள்ளது எனலாம். இப்பாத்திரத்துக்கு வழங்கப்பட்ட ‘தேவி’ என்னும் தோற்றத்துக்கு அமெரிக்காவிலுள்ள இந்து அமைப்பொன்று 2016இல் எதிர்ப்புத் தெரிவித்ததும் குறிப்பிடத்தக்கது.

எனினும் இரசிகர்கள் இப்பாத்திரத்தில் வேறொன்றைக் கண்டனர். 2016இல் வந்த சித்திரக்கதையில், தான் பிறரினும் வேறுபட்டவள் என்பதை அவள் எண்ணிப்பார்க்கும் இடம் ஒன்றுண்டு. அக்குறிப்பெச்சத்தைக் கொண்டு அவள் ஆட்டிசம் உடையவள் என வாசித்தனர். இரசிகர் ஒருவருக்கு எழுதிய மடலில் விளையாட்டின் இயக்குநராக அப்போதிருந்த ஜெஃப் காப்லன் 2017இல் அதனை உறுதிசெய்தார். பாத்திரத்தின் இந்தியத் தன்மை மேலோட்டமாகவே நின்றுவிட, அகத்தன்மை இரசிகர் வாசிப்பால் ஆழம் பெற்றது.

போற்றப்பட்ட வாசிப்பு: டி.வா

ஹானா சாங் என்னும் டி.வா, தொழில்முறைக் கணினி விளையாட்டில் வென்று பின்னர்ப் படையில் சேர்ந்த கொரிய இளம்பெண். கதைக்காலம் ஏறத்தாழ 2070களாகும். நடப்புக் கொரியாவின் நிலை வேறாக இருந்தது. கெகுரி என்னும் புனைபெயரில் ஆடிய 17 வயதுப் பெண்ணின் குறிதவறாமையைக் கண்ட ஆடவர் சிலர், அவர் முறைகேடு செய்வதாக 2016இல் குற்றஞ்சாட்டினர். பலர் காண நேரலையில் ஆடிக்காட்டி அவர் தம் திறனை மெய்ப்பிக்க வேண்டியதாயிற்று. 2018இல் அவர் ஓவர்வாட்ச் லீக்கில் இடம்பெற்ற முதற்பெண்ணானார்.

இச்சூழலில் தோன்றிய தேசிய டி.வா சங்கம் என்னும் பெண்ணியக் குழு, 2017 ஜனவரியில் சியோலில் நடந்த பெண்கள் பேரணியில் டி.வாவின் முயல் சின்னம் பொறித்த கொடியை ஏந்திச் சென்றது. இன்றைய சமூகத்தில் டி.வா போன்ற ஒருத்தி தோன்றவே இயலாது. அவள் தோன்றுவதற்குரிய சமூகத்தை நாமே ஆக்கவேண்டும் என்பது அக்குழுவின் வாதம். நிறுவனம் எழுதாமல் விட்ட இடைக்காலத்தை, அதாவது இன்றைக்கும் கதைக்காலத்துக்கும் இடைப்பட்ட ஆண்டுகளை, இவ்வாதம் நிரப்புகிறது. கதைக்கு முற்கதையாகப் போராட்டம் அமைகிறது. 2017 பிப்ரவரியில் விளையாட்டுத் துறையினர் மாநாட்டில் காப்லன் இதனைப் பெருமிதத்துடன் எடுத்துரைத்தார்.

எதிர்நின்ற வாசிப்பு: மெய்லிங்

2019 அக்டோபரில் இதே நிறுவனத்தின் ஹார்த்ஸ்டோன் விளையாட்டுப் போட்டிக்குப் பின் ஹாங்காங் வீரர் ஒருவர் அந்நகரின் போராட்டத்தை ஆதரித்து முழக்கமிட்டார். நிறுவனம் அவருக்கு ஓராண்டுத் தடை விதித்தது. எதிர்ப்பு எழுந்தபின் அத்தடை ஆறு மாதமாகக் குறைக்கப்பட்டது. சினமுற்ற இரசிகர்கள் ஓவர்வாட்சின் சீன நாயகியான காலநிலை அறிவியலாளர் மெய்லிங்கைப் போராட்டக்காரியாக வரைந்து பரப்பினர். டி.வாவைக் கொடியாக்கியவர்களும் மெய்லிங்கைப் போராட்டக்காரியாக்கியவர்களும் செய்தது ஒரே செயல்தான். முதலாவது நிறுவனத்தின் புகழை வளர்த்தது. இரண்டாவது அதன் வணிக நலனைத் தொட்டது. உலகின் எல்லா மக்களுக்கும் இடமளிப்பதாகக் கூறிய பனுவலின் மெய்ம்மை இவ்விடத்தில்தான் சோதனைக்குள்ளாயிற்று.

பனுவலின் நிலையின்மை

2019 நவம்பர் 1இல் நிறுவனத் தலைவர் இந்நிகழ்ச்சிக்கு வருத்தம் தெரிவித்த அதே விழாவில் ஓவர்வாட்ச் 2 அறிவிக்கப்பட்டது. விரிவான கதைப்பகுதி வரும் என்பது அதன் முதன்மை உறுதிமொழி. 2022 அக்டோபரில் அது வெளிவந்தபோது முதல் விளையாட்டின் வழங்கிகள் மூடப்பட்டன. விலைகொடுத்து வாங்கியோரும் அதனை மீண்டும் ஆட இயலாதாயிற்று. 2023 மே மாதத்தில் கதைசார்ந்த பெருந்திட்டம் கைவிடப்பட்டதாக அறிவிப்பு வந்தது. ஆகஸ்டில் மூன்று கதைப்பகுதிகள் மட்டும் விற்பனைக்கு வந்தன. 2024 நவம்பரில் 2016ஆம் ஆண்டின் ஆட்டநிலை சிறிதுகாலம் மீட்டுருவாக்கப்பட்டது.

பாடவேறுபாடுகளை ஒப்பிட்டு மூலபாடம் காணும் பதிப்பாசிரியருக்குச் சுவடிகள் கிடைக்கும். இங்கோ புதுப்பாடம் பழம்பாடத்தை அழித்துவிட்டே வருகிறது. மீட்டுருவாக்கமும் உடைமையாளரின் கையிலேயே உள்ளது.

முடிவுரை

ஓவர்வாட்சின் நாயகர்கள் நிறுவனத்தால் வரையப்பட்டனர், வாசிப்பால் உயிர்பெற்றனர். சிமெட்ராவின் அகமும் டி.வாவின் கொடியும் மெய்லிங்கின் எதிர்ப்பும் எச்சத்தை நிரப்பியோரின் ஆக்கங்களாகும். நிறுவனம் சொல்வதாகக் கூறிய கதை பெரும்பாலும் வரவில்லை. இரசிகர்கள் சொன்ன கதை சியோல் தெருவரை சென்றது. விளையாட்டு ஆய்வில் வெளியான பனுவலை மட்டும் கொள்வது போதாது. அதன் வாசிப்பு வரலாற்றையும் உடன்தொகுத்தல் வேண்டும். மூலம் அழிக்கப்படும் இத்துறையில், எஞ்சுவது வாசிப்பு ஒன்றே.