காட்டுப் பாதையில் செயலிழந்த கால்கள்: ஒரு வண்டியின் மதிப்பீடு

முதுகுத் தண்டில் அடிபட்டு இடுப்புக்குக் கீழ் செயலிழந்த ஒருவரை நினைத்துப் பாருங்கள். சமதளத்தில் சக்கர நாற்காலி அவருக்குக் கால்களாகிறது. ஆனால் தார்ச்சாலை முடிந்து மணல் தொடங்கும் இடத்தில் நாற்காலியின் சிறிய முன்சக்கரங்கள் புதைந்து நின்றுவிடுகின்றன. அதற்கப்பால் உள்ள மலையும் காடும் ஓடையும் அவருக்கு வெறும் படம்தான்.

இந்தத் தடையை நீக்க வந்த வண்டி என்று புகழப்படுவது ஏ.டி.வி. எனப்படும், எத்தரையிலும் ஓடும் வண்டி. அமெரிக்காவின் யூட்டா, மேற்கு வர்ஜீனியா போன்ற மாநிலங்களில் இவ்வண்டிகளுக்கென்றே நூற்றுக்கணக்கான மைல் நீளத்திற்குக் காட்டுத் தடங்கள் உள்ளன. தண்டுவடம் பாதிக்கப்பட்டவர்களும் அவற்றில் ஓட்டிச் செல்கிறார்கள். இந்தப் புகழ்ச்சி எவ்வளவு தகும்? அறிவியல் நோக்கில் சற்று ஆராய்வோம்.

புகழுக்குரியவை

1970-ல் ஜப்பானின் ஹோண்டா நிறுவனம் மூன்று சக்கரங்கள் கொண்ட சிறு வண்டி ஒன்றை அமெரிக்காவில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. பலூன் போல் உப்பிய டயர்களே அதன் சிறப்பு. கார் டயரில் சதுர அங்குலத்திற்கு ஏறத்தாழ 30 பவுண்டு அழுத்தத்தில் காற்றை அடைக்கிறோம். இன்றைய ஏ.டி.வி. டயருக்கு ஐந்தாறு பவுண்டே போதும். எடை பரந்த பரப்பில் பகிரப்படுவதால் மணலிலும் சேற்றிலும் வண்டி எளிதில் புதைவதில்லை.

மற்றொரு வசதியும் உண்டு. வேகத்தைக் கூட்டுவது வலக்கைக் கட்டைவிரலால் அழுத்தும் சிறு நெம்புகோல். கியரைத் தானாகவே மாற்றிக்கொள்ளும் வகைகளும், கையாலேயே பிரேக் பிடிக்கத்தக்க வகைகளும் கிடைக்கின்றன. ஆகவே கால்களின் உதவியின்றி வண்டியைக் கிளப்பலாம், செலுத்தலாம், நிறுத்தலாம். கைகள் நன்றாக இயங்கும் ஒருவருக்கு இது பெரிய பேறு என்பதில் ஐயமில்லை.

மறைந்திருக்கும் குறை

ஆனால் கிளப்புவதும் நிறுத்துவதும் மட்டுமா ஓட்டுவது? இங்கேதான் புகழ்வோர் ஓர் உண்மையை மறந்துவிடுகிறார்கள். இவ்வண்டியில் ஓட்டுபவர் வெறும் பயணி அல்லர். அவர் உடலும் எந்திரத்தின் ஓர் உறுப்பு.

வண்டி வளைவில் திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் உட்பக்கச் சக்கரத்தைவிட அதிக தூரம் உருள வேண்டும். காரில் இதற்காக டிஃபரன்ஷியல் என்னும் பற்சக்கர அமைப்பு உண்டு. பல ஏ.டி.வி.க்களில் பின்சக்கரங்கள் இரண்டும் ஒரே அச்சில் இறுகப் பூட்டப்பட்டுள்ளன. வண்டி திரும்ப வேண்டுமானால் உட்பக்கச் சக்கரம் சற்று வழுக்கியாக வேண்டும். அதற்காக ஓட்டுபவர் வெளிப்பக்கக் காலை ஊன்றி, உடலின் மேற்பகுதியை வளைவின் உட்பக்கம் சாய்க்கிறார். மேட்டில் ஏறும்போது முன்னால் குனிவதும், இறங்கும்போது பின்னால் சரிவதும் கால்களின் வேலை, இடுப்பின் வேலை. ஆக, கால்களுக்கு வேலையே இல்லை என்று நாம் எண்ணிய வண்டி, கால்களை நம்பியே அமைக்கப்பட்டிருக்கிறது!

இந்தச் சமநிலை எவ்வளவு நுட்பமானது என்பதற்கு வரலாறே சான்று. நல்ல கால்கள் உள்ளவர்களே மூன்று சக்கர வண்டியிலிருந்து கவிழ்ந்து ஏராளமாக மாண்டார்கள். 1988-ல் அமெரிக்க அரசுக்கும் உற்பத்தியாளர்களுக்கும் நீதிமன்றத்தின் வழியே ஏற்பட்ட உடன்பாட்டின்படி, புதிய மூன்று சக்கர வண்டிகளின் விற்பனை அங்கு நின்றது. நான்கு சக்கர வகை அதைவிட நிலையானது. ஆயினும் அதுவும் கவிழாத வண்டி அன்று. தண்டுவடம் முறிந்து இத்தகைய வண்டியை நாடுபவர்களில் சிலருக்கு, அம்முறிவை ஏற்படுத்தியதே இவ்வண்டிதான் என்பது கசப்பான உண்மை.

பேசாத உடல்

செயலிழப்பு என்றால் அசைவின்மை மட்டுமே என்று பலர் நினைக்கிறார்கள். தண்டுவடம் இருவழிப் பாதை. மூளையின் கட்டளை கீழே இறங்குவது போலவே, உடலின் முறையீடு மேலே ஏறுவதும் அதன் வழியேதான். பாதை அறுந்தால் இரண்டும் நிற்கின்றன.

சூடான எந்திரத்தில் கால் பட்டால் தோல் வெந்துபோகும், ஓட்டுபவருக்குத் தெரியாது. மிதியிலிருந்து நழுவிய பாதம் பின்சக்கரத்துக்கு முன் தொங்கினாலும் தெரியாது. குலுங்கும் இருக்கையில் நெடுநேரம் அமர்ந்தால், இடுப்பெலும்புக்கும் இருக்கைக்கும் இடையே நசுங்கும் தசையில் இரத்த ஓட்டம் குறைந்து அழுத்தப்புண் உண்டாகும். அது ஆற மாதக்கணக்கில் ஆகலாம். அடிபட்ட இடத்துக்குக் கீழே வியர்வை சுரப்பது குன்றுவதால் வெயிலில் உடல் வெப்பமும் எளிதில் ஏறிவிடும்.

முறிவு நெஞ்சின் மேற்பகுதியிலோ கழுத்திலோ இருந்தால் இன்னோர் ஆபத்தும் உண்டு. நிறைந்த சிறுநீர்ப்பையோ, இறுக்கிக் கட்டிய பட்டையோகூட இரத்த அழுத்தத்தைத் திடீரென உயர்த்திவிடலாம். உடலைத் தாங்கக் கட்டும் பட்டையே உயிருக்கு உலை வைக்கும் நிலை!

எது சிறந்தது?

அருகருகே இரு இருக்கைகள் கொண்ட, காரைப் போன்ற வகை இவற்றிற்கு ஓரளவு விடையளிக்கிறது. சாய்வுள்ள இருக்கை இடுப்பைத் தாங்குகிறது; தலைக்கு மேல் இரும்புக்குழாய்க் கூண்டு நிற்கிறது. பக்கத்தில் ஒரு துணையும் அமரலாம். ஆனால் இதில் பிரேக்கும் வேகமிதியும் காலடியில் உள்ளன. எனவே கையால் இயக்கும் நெம்புகோல்களைத் தனியே பொருத்தியாக வேண்டும். சக்கர நாற்காலியிலிருந்து அதில் ஏறுவதும் எளிதல்ல. ஆயினும் சமநிலையை உடலிடம் கேளாமல் வண்டியே ஏற்றுக்கொள்கிறது என்பதால், இதையே நாம் மேலானதாகக் கருதுகிறோம்.

சட்டத்தின் முரண்

இனி சட்டத்தையும் சற்று விமர்சிக்க வேண்டும். அமெரிக்காவின் 1964-ஆம் ஆண்டு வனச் சட்டம், பாதுகாக்கப்பட்ட வனப்பகுதிகளில் மோட்டார் வண்டிகளைத் தடுக்கிறது. காட்டின் அமைதியும் மண்ணும் காக்கப்பட வேண்டும் என்பது நியாயமே. உடல் ஊனமுற்றோருக்கான 1990-ஆம் ஆண்டுச் சட்டம் அங்கே சக்கர நாற்காலிக்கு இடமளித்தது. ஆனால் அந்த நாற்காலி கட்டடத்தின் உள்ளே பயன்படத்தக்கதாய் இருக்க வேண்டுமாம்! வீட்டுக்குள் ஓடுவது காட்டில் புதைகிறது. காட்டில் ஓடுவது வீட்டுக்குள் நுழையாது.

2011-ல் நடைமுறைக்கு வந்த விதிகள் மாநில, உள்ளாட்சிப் பூங்காக்களில் வேறு வழியைக் காட்டின. வண்டியின் எடை, அகலம், வேகம், மண்ணுக்கு விளையும் கேடு ஆகியவற்றை ஆராய்ந்தே அனுமதி மறுக்கலாம் என்றன. பெயரைப் பார்க்காமல் விளைவைப் பார்ப்பதே அறிவியல் முறை. கொலராடோவின் ஸ்டான்டன் மாநிலப் பூங்காவில் 2017 முதல், டிராக்டர் போல் சுழல்பட்டையில் ஊரும் மின்நாற்காலிகள் கடனாகத் தரப்படுகின்றன. மெதுவாகச் செல்லும், புகையில்லாத வண்டிகள் அவை. வேகத்தின் களிப்பு அவற்றில் இல்லை. ஆனால் காடு கிடைக்கிறது.

வேகம் வேண்டுமென்று கேட்பவரை நாம் குறை கூற முடியாது. துணிந்து ஆபத்தை ஏற்கும் உரிமை நடப்பவருக்கு மட்டுமே உரியதன்று. ஆனால் தெரிந்து ஏற்பது துணிவு. தெரியாமல் ஏற்பது ஏமாற்றம். எனவே இவ்வண்டியைப் பற்றி யாரேனும் புகழ்ந்தால், எத்தனை குதிரைச் சக்தி என்று கேட்பதற்கு முன், இடுப்பை எது தாங்கும், பாதத்தை எது பிடிக்கும், கவிழ்ந்தால் யார் தூக்குவார் என்று கேளுங்கள். அவற்றிற்கு விடை சொல்லும் வண்டியே நல்ல வண்டி.