ஊடையாக ஓடும் வயலின்

எங்கள் பல்லடம் பக்கம் இளையராஜா பேச்சை எடுத்தால், "ராத்திரி பஸ்ஸுக்கு அவர் பாட்டுதானுங்க, தாலாட்டற மாதிரி" என்பார்கள். பாராட்டுதான். ஆனால் எனக்கு அதில் உடன்பாடில்லை. தாலாட்டு என்று சொல்லிவிட்டால் அந்த வயலின்கள் செய்கிற வேலை காதில் விழாமலே போகிறது.

வழவழப்பான வயலின்களுக்குப் பேர்போன ஊர் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா. கென்னி கேம்பிளும் லியான் ஹஃபும் 1971-இல் தொடங்கிய நிறுவனத்தின் சோல் பாடல்கள் பல அங்குள்ள சிக்மா ஸ்டுடியோவில் பதிவாயின. முதலில் டிரம்ஸ், பேஸ், கிதார். வயலின்கள் பிறகு, அவற்றின் மேல். தறிக்காரர் பாஷையில் சொன்னால், நெய்து முடித்த துணியில் போட்ட பூவேலை. அதற்காக அதை வெறும் அலங்காரம் என்று தள்ளிவிட முடியாது. ஓ'ஜேஸ் குழு 1972-இல் பாடிய 'பேக் ஸ்டாபர்ஸ்', கூடவே இருந்து குழிபறிக்கும் நண்பர்களைப் பற்றியது. வயலின்கள் அத்தனை நயமாக வருவதால்தான் துரோகம் கூடுதலாக உறைக்கிறது. குழிபறிப்பவன் சிரித்துக்கொண்டுதானே வருவான்!

கோடம்பாக்கத்துச் சங்கதி வேறு. 'நிழல்கள்' (1980) படத்தில் தீபன் சக்கரவர்த்தியும் உமா ரமணனும் பாடிய 'பூங்கதவே' பாட்டைக் கேளுங்கள். பாடகர் வாய் திறக்குமுன்பே வயலின்கள் ஒரு முழு வாக்கியத்தைப் பேசிவிடுகின்றன. நடுவில் நாதஸ்வரம் வரும்போது மரியாதையாக ஒதுங்கி வழிவிடுகின்றன. ஒவ்வொரு வயலின் வரிசைக்கும் தனித்தனியாக நொட்டேஷன் எழுதித் தருபவர் ராஜா. அன்றைக்குப் பாடகரும் வாத்தியக்காரர்களும் பெரும்பாலும் சேர்ந்தேதான் பதிவு செய்தார்கள். ஒருவர் தவறினால் எல்லோரும் முதலிலிருந்து. பாட்டு பாவு என்றால் வயலின் ஊடை. உருவிவிட்டால் துணியே இல்லை.

எல்லாப் பாட்டிலும் அப்படியா? இல்லீங்க. பல்லவிக்கும் சரணத்துக்கும் நடுவே இடத்தை அடைக்க மட்டும் வயலின் ஓடுகிற பாட்டுகளும் அவரிடம் உண்டு. ஆனால் பாக்குக்கும் தியாகராஜருக்கும் காணிக்கையாக்கிய 'ஹௌ டு நேம் இட்' (1986) தொகுப்பில் அடைப்பு வேலைக்கே இடமில்லை. ஒளிந்துகொள்ளப் பாடல் வரி இல்லாததால், வி.எஸ். நரசிம்மனின் வயலின் தன் காலில் நின்று பேசுகிறது.

பிறகு கீபோர்டு வந்தது. ஒருவர் விரல் அழுத்தினால் ஒரு வரிசை வயலின் சத்தம். பலருடைய வேலை போனது. கூடவே இன்னொன்றும் போனது: பத்து வில்கள் இம்மியளவு முன்னே பின்னே உரசி ஒன்றாகிற அந்த நெசவு. வழவழப்பு என்று நாம் சொல்வது அத்தனை பேருடைய உழைப்பை.

அடுத்த தடவை ராத்திரி பஸ்ஸில் அந்தப் பாட்டு வந்தால், பாடகரை விட்டுவிட்டு வயலினைப் பின்தொடர்ந்து பாருங்கள். தூக்கம் வராது.