இரண்டு காண்டங்களும் ஒரு கேள்வியும்

புதுமைப்பித்தனின் 'சாப விமோசனம்' என்ற கதையைப் பற்றி வாசகர்களிடையே இரண்டு அபிப்ராயங்கள் அடிபடுவதுண்டு. ராமனைக் குறை கூறும் கதை என்று சிலர் முகம் சுளிப்பார்கள். அதே காரணத்துக்காகவே வேறு சிலர் கைதட்டுவார்கள். இரு சாராரும் கதையைப் படிக்கவில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. கடைசிப் பக்கத்தில் தங்களுக்கு வேண்டிய தீர்ப்பைத் தேடி எடுத்துக்கொண்டு விடுகிறார்கள்.

பழைய கதை ஒன்றைத் திரும்ப எழுதுகிற ஆசிரியன் தன் கட்சியை எங்கே வைக்கிறான்? பாத்திரங்களின் பேச்சில் மட்டும் அதைத் தேடினால் அகப்படாது. மூலத்திலிருந்து எதை எடுத்தான், எதை விட்டான், எதை எதன் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தான் என்று பார்க்க வேண்டும். அதற்கு மூல நூலும் நம் முன் திறந்திருக்க வேண்டும்.

வால்மீகியில் அகலிகை கல்லாவதில்லை. காற்றே உணவாக, சாம்பலில் கிடந்து, யார் கண்ணுக்கும் புலப்படாமல் தவமிருக்கிறாள். வந்தவன் இந்திரன் என்று தெரிந்தே இசைந்தவள் அவள். கம்பனிலோ அவள் கல்லாகி, ராமனின் பாதத் தூளி பட்டு எழுகிறாள். அங்கும் அவள் உண்மையை உணர்ந்த பிறகு விலகவில்லை. 1943-ல் எழுதிய புதுமைப்பித்தன் கல்லை எடுத்துக்கொண்டார். அறிந்து இசைந்ததை விட்டுவிட்டார். அவருடைய அகலிகை ஏமாற்றப்பட்டவள், மனத்தில் மாசு இல்லாதவள்.

இதைவிடப் பெரிய மாற்றம் ஒன்று உண்டு. காவியத்தில் அகலிகையின் கதை பால காண்டத்தோடு முடிந்துவிடுகிறது. சீதை தீயில் இறங்குவது யுத்த காண்டத்தில். நடுவே நான்கு காண்டங்கள் கிடக்கின்றன. அவ்வளவு தூரம் நடந்து வந்த வாசகனுக்கு முதல் பெண்ணின் ஞாபகம் வருவதில்லை. புதுமைப்பித்தன் அந்தத் தூரத்தை அழித்து, இரண்டு பெண்களையும் எதிரெதிரே உட்கார வைத்தார். தீக்குளித்த சேதியைச் சீதை சொல்கிறாள், அகலிகை கேட்கிறாள். உலகம் தவறியவள் என்று ஒதுக்கிய பெண்ணுக்குக் கிடைத்த நம்பிக்கை, தவறே அறியாத பெண்ணுக்கு ஏன் கிடைக்கவில்லை என்ற கேள்வி, ஆசிரியர் எடுத்துச் சொல்லாமலே நம் மனத்தில் எழுகிறது. வாதம் அந்தச் சந்திப்பில்தான் இருக்கிறது.

எதிர்க் கட்சியை அவர் மறைத்தாரா என்றும் பார்க்க வேண்டும். சீதையின் தூய்மையைத் தான் அறிந்தே இருந்ததாகவும், உலகின் பொருட்டே அப்படி நடந்ததாகவும் வால்மீகியின் ராமன் சமாதானம் சொல்கிறான். அந்தச் சமாதானத்தைப் புதுமைப்பித்தன் சீதையின் வாயிலேயே வைக்கிறார். இது நேர்மையான வாதம்.

இன்னொன்று. அகலிகை ஏன் அப்படி அதிர்ந்து போகிறாள்? ராமனைத் தெய்வமாக நம்பியதால்தான். அவனைச் சாமானியன் என்று நினைத்திருந்தால் அவளுக்கு அதிர்ச்சிக்கே இடமில்லை. ராமனின் பெருமையை ஒப்புக்கொள்ளாமல் இந்தக் கதையை எழுதியிருக்கவே முடியாது. முகம் சுளிப்பவர்களும் கைதட்டுபவர்களும் சேர்ந்தே தவறவிடுகிற இடம் இது.

கதையில் குறை இல்லாமல் இல்லை. கௌதமரின் தத்துவ விசாரங்கள் நடுப்பகுதியைச் சற்றுத் தொய்ய விடுகின்றன. ஆனால் தலைப்பை மறுபடியும் படித்துப் பாருங்கள். விமோசனம் என்று பெயர் வைத்த கதை, அகலிகை திரும்பவும் கல்லாவதில் முடிகிறது. பிறர் கொடுத்த விமோசனம், கொடுத்தவர் மேல் வைத்த நம்பிக்கை உடைந்த பிறகு நிற்குமா? ராமாயணத்தைக் கையில் வைத்துக்கொண்டு படிக்கிறவனுக்குத்தான் இந்தக் கேள்வி கேட்கும். அப்படிப் படித்தவன் ராமாயணத்துக்குத் திரும்பும்போது, பால காண்டத்தில் அகலிகையை முன்போல் எளிதாகக் கடந்து போய்விட மாட்டான்.