ஆடுவோனும் ஆடும் முடியும்

ஈழத்துக் கூத்துப் பற்றி இதுவரை எழுந்த ஆய்வுகளிற் பெரும்பாலானவை பாட்டையும் தாளக்கட்டையும் ஏட்டுப் பிரதியையும் நோக்கியவை. உடை, ஒப்பனை பற்றிய பகுதி நூலின் இறுதியில் ஓரிரு பக்கங்களில் முடிந்துவிடும். அப்பக்கங்களிலும் முடி என்பது ஒரு பெயராகவே வரும். அது எதனாற் செய்யப்பட்டது, எவ்வளவு பாரம், அதில் எந்தப் பகுதி அசைந்தது, எந்தப் பகுதி அசையாது நின்றது என்பன கேட்கப்படுவதில்லை. கூத்தனின் தலைமேல் அசையும் அலங்காரம் வெறும் பகட்டு அன்று. அது ஆட்டத்தின் ஒரு பகுதி என்பதே இக்கட்டுரையின் நிலைப்பாடு. அது உண்மையாயின், இன்று நமது மேடைகளில் முடிக்கு நேர்ந்துவரும் மாற்றங்களை அழகு, அழகின்மை என்ற அளவில் மாத்திரம் பேசிவிட்டுப் போக முடியாது.

தலையில் அசையும் அணி தமிழுக்குப் புதியதன்று. மூவேந்தரும் முறையே பனம்பூ, வேம்பு, ஆத்தி ஆகியவற்றைச் சூடினர் என்பதைத் தொல்காப்பியம் வழியே அறிவோம். உலோக முடிக்கு முன்னரே உயிருள்ள பூ தலையில் இருந்தது. பூவோ காற்றுக்கும் நடைக்கும் அசைவது. பழைய உரைகளிற் குதிரையின் தலையணிக்குத் 'தலையாட்டம்' என்றொரு பெயர் வழங்குகின்றது. அணியின் பெயரே அசைவின் பெயராகி நிற்பதை இங்கு காண்கின்றோம். குதிரை தலையசைக்கையில் ஆடுவது எதுவோ அதுவே அணி. இச்சொல்லை ஆக்கியவர்கள் அசைவை அணியின் மேலதிக இணைப்பாகக் கருதவில்லை என்பது தெளிவு.

பிற நாட்டுச் சான்றுகளும் உள. ஆப்கானிஸ்தானின் தில்லியா தெப்பே என்னுமிடத்தில் 1978இல் அகழ்ந்தெடுக்கப்பட்ட பொன்முடி ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுப் பழமையுடையது. மரவடிவான ஐந்து பொற்றகடுகள் ஒரு பட்டத்திற் செருகப்பட்டுள்ளன. அவற்றைக் கழற்றி மடித்து எடுத்துச் செல்லலாம். அவற்றிலே தொங்கும் மெல்லிய பொன்வட்டங்கள் சிறு அசைவுக்கும் நடுங்குவன. சீனத்து மேடையில் இது இன்னும் நுணுக்கம் பெற்றது. அங்குப் போர்வீரனின் தலையணியிலிருந்து இரு நீண்ட காட்டுக்கோழி இறகுகள் எழும். அவற்றை நடிகன் விரல்களாற் பற்றி வளைப்பான். சினம் மிகுந்தால் வாயாற் கடிப்பான். தலையைச் சுழற்றி இரண்டையும் வட்டமிடச் செய்வான். அதிகாரியாக வருபவனின் கறுப்புத் தொப்பிக்கு இருபுறமும் இரு சிறகுகள் உண்டு. வில்கம்பியிற் பொருத்தப்பட்ட அச்சிறகுகளைக் கழுத்தின் நுண்ணிய அசைவினால் ஆட்டுவதற்கு அங்குத் தனிப்பயிற்சியே இருக்கின்றது. முடிவெடுக்க இயலாது தவிக்கும் மனத்தை, ஒன்று நிற்க மற்றொன்று ஆடும் சிறகு காட்டிவிடுகின்றது. உடல் சற்றும் அசையாதிருக்க, தொப்பி நடிக்கின்றது எனலாம். ஆனால் உண்மையில் நடிப்பது கழுத்து.

இனி நமது பக்கம் வருவோம். கரகாட்டத்தில் குடத்தின் மேலமைந்த பூங்கூட்டின் உச்சியில் ஒரு கிளி இருக்கும். நெட்டியாலோ காகிதத்தாலோ செய்த அக்கிளி ஆடுபவரின் அடிக்கேற்ப அசையும், சிலவேளை சுழலும். குடம் அசையக் கூடாது, கிளி அசைய வேண்டும் என்பதிலேயே அவ்வாட்டத்தின் திறன் தங்கியுள்ளது. அசையாமையை அளப்பதற்கு அசையும் ஒன்றை மேலே வைத்தவன் பெரிய கலைஞன். மயிலாட்டத்தில் ஆடுபவர் தம்முடலோடு இணைத்த கயிற்றை இழுத்துத் தோகையை விரிப்பார். மயிலின் அலகும் நூலினால் இயங்கும். யாழ்ப்பாணத்துக் கோயில் வீதிகளில் இவை திருவிழாக் காலங்களில் இன்றும் ஆடப்படுகின்றன. கந்தசட்டியின் ஆறாம் நாளில் நடைபெறும் சூரன் போரையும் இவ்விடத்து நினைக்கலாம். அங்குச் சூரனின் தலை மாற்றப்படுகின்றது. தோளிலே தாங்குவோர் ஓடியும் திரும்பியும் சூரனை ஆட்டுகையில் அத்தலை உயிர் பெறுகின்றது. தலையின் அசைவைப் படிக்கும் கண்ணை எங்கள் சிறுவர்கள் கோயில் வீதியிலேயே பெற்றுவிடுகின்றனர்.

இலங்கையின் மற்றொரு மரபான கண்டிய நடனத்தில் வெஸ் எனப்படும் தலையணி விதந்து கூறத்தக்கது. அதன் வெள்ளித் தகடுகளும் அரசிலை வடிவத் தொங்கல்களும் ஒவ்வோர் அடிக்கும் மின்னுவன; உச்சியிலிருந்து முதுகுப்புறம் நீண்டு விழும் பட்டை, ஆடுபவர் தலையைச் சுழற்றும்போது வட்டமாக வீசப்படுகின்றது. அவ்வட்டம் ஆட்டத்தின் உச்சம். அதனை அணிகலன் என்று கூறுவதிலும் ஓர் உறுப்பு என்று கூறுவதே பொருந்தும்.

கூத்தின் முடியை இந்நோக்கிற் காண்போம். வடமோடி ஆட்டத்தில் பொடியடி, நாலடி, வீசாணம் என அடிகள் வேறுபடுகின்றன. சில நுண்ணியவை, சில களரியையே சுற்றி வருபவை. முடியின் விளிம்பிலே தொங்கும் மணிக்கொத்து இவையெல்லாவற்றுக்கும் ஒரே வகையில் ஆடாது. இதனைப் பௌதிகம் படித்த நண்பர்கள் எளிதில் விளக்குவர். ஊசலொன்று ஒருமுறை போய்வர எடுக்கும் நேரம் அதன் நீளத்தில் தங்கியுள்ளது, பாரத்தில் அன்று. கால் மீற்றர் நீளத் தொங்கல் ஒருமுறை போய்வர ஏறத்தாழ ஒரு செக்கன் ஆகும்; ஆறு சென்ரிமீற்றர் நீளத்துக்கு அரைச் செக்கனே போதும். ஆகவே நெற்றியருகே உள்ள குறுந்தொங்கல் விரைந்த அடிகளுக்கு இசைந்து துடிக்கும். பின்புறத்து நெடுங்குஞ்சம் மெதுவான வரவுக்கு இசைந்து வீசும். மத்தளத்தின் நடை மாறும்போது முடியின் வெவ்வேறு பகுதிகள் முறைவைத்து விழிப்புறுகின்றன. முடி செய்தவர்கள் இக்கணக்கைத் தாளில் எழுதியிருக்க மாட்டார்கள். ஆனால் நீளத்தைக் கூட்டியும் குறைத்தும் பார்த்துக் கண்ணுக்குச் சரியென்று பட்ட இடத்தில் முடிச்சிட்டிருப்பார்கள். அதுவும் அறிவுதான்.

பாரத்தின் கேள்வி வேறு. முடி உயர உயரத் தலை நிலைகொள்வது கடினம். தமிழகத்துத் தெருக்கூத்தில் தலையணிகளுக்குக் கலியாண முருங்கை போன்ற இலேசான மரத்தைக் கையாண்டு, அதன்மீது கண்ணாடித் துண்டும் வண்ணக் காகிதமும் ஒட்டுவர். நம்மூர் வேலிகளில் நிற்கும் முள்முருக்கு இதே இனம் என்பது பலர் எண்ணிப் பாராத ஒன்று. முடிக்குக் கீழே தலையிற் சுற்றப்படும் துணி, சுமை தூக்குவோரின் சும்மாட்டுக்கு உறவானது. அது இறுக்கமாக இல்லையெனில் முடி தலைக்குப் பிந்தி அசையும். முடி பிந்தினால் தொங்கல்கள் எல்லாம் தாளம் பிழைக்கும். எனவே முடியின் உடல் தலையோடு ஒன்றாக நிற்க வேண்டும். அதன் சிறு பகுதிகள் மாத்திரமே சுதந்திரமாக ஆடவேண்டும். அசையும் தலையணி அமைப்பவர் எவருக்கும் இது முதல் விதியாக இருத்தல் தகும்.

1960களிற் பேராதனையில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் மட்டக்களப்புக் கூத்தை நவீன மேடைக்குக் கொண்டுவந்தார். 1962இல் கர்ணன் போரும் 1965இல் இராவணேசனும் அவ்வழி வந்தவை. பின்னர் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தரான அவரது பணியின் பெறுமதி மறுக்கப்பட முடியாதது; இரவு முழுவதும் ஆடப்பட்ட கூத்து சில மணிநேர ஆற்றுகையாகச் சுருங்கிப் படித்தவர் அவையிலும் மதிப்புப் பெற்றது. ஆயினும் முடியைப் பொறுத்தவரை இம்மாற்றத்தின் விளைவு ஆராயப்படவில்லை. வட்டக்களரியில் பார்வையாளர் நாற்புறமும் இருந்தனர். முடிக்கு முன்புறம், பின்புறம் என்ற பேதமில்லை. படச்சட்ட மேடையோ முகத்தை மாத்திரம் கேட்கின்றது. முதுகில் விழும் குஞ்சத்துக்கு அங்கு வேலையில்லை. அது நீங்கியதும் வீசாணத்தின் பாதி அழகு நீங்கிற்று என்பேன். (யாழ்ப்பாணக் கரையோரத்துக் கத்தோலிக்கக் கூத்துகள் முன்னரே முன்நோக்கிய மேடைகளில் ஆடப்பட்டவை, அவற்றின் முடிகளை இதனோடு ஒப்பிட்டால் பயன் உண்டு.)

ஒளியும் மாறிற்று. தீப்பந்தத்தின் சுடர் தானே நடுங்குவது. அதன் முன் அசையாத கண்ணாடித் துண்டும் மின்னும். மின்விளக்கு நிலையானது, அதன் முன் அசையாத கண்ணாடி ஒரு வெள்ளைப் புள்ளியாக உறைந்துவிடும். இதனால் மின்னொளி வந்த பின்னர் முடியில் அசையும் பகுதிகளின் தேவை கூடியிருக்க வேண்டும். நடந்தது மறுதலை. எடுத்துச் செல்ல இலகு என்ற காரணத்தால் ரெஜிபோமில் வெட்டிப் பொன்வண்ணம் பூசிய முடிகளும் வாடகைக்குக் கிடைக்கும் பிளாஸ்ரிக் முடிகளும் வந்தன. அவை திரைப்பட அரசர்களின் முடிகளைப் பார்த்துச் செய்யப்பட்டவை. திரைப்படத்தில் முகத்தைக் கமரா நெருங்கி வந்து காட்டும். முடி பேச வேண்டிய அவசியம் அங்கில்லை. மேடையிலோ கடைசி வரிசையில் இருப்பவருக்குக் கண்ணிமை தெரியாது, முடி தெரியும்.

இந்த வெறுமையை உணர்ந்தோ என்னவோ, இப்போது முடிகளுக்குப் பற்றரி பூட்டும் வழக்கம் தோன்றியிருக்கின்றது. சில காலத்துக்கு முன் நான் கண்ட மாணவர் ஆற்றுகையொன்றில் அரசனின் தலைக்குப் பின்னே சிறு மோட்டரினாற் சுழலும் சக்கரமும் அதைச் சுற்றி மின்குமிழ்களும் இருந்தன. வரவின்போது அவை கைதட்டலைப் பெற்றன. போர்க்காட்சியில் அரசன் அம்புபட்டு வீழ்ந்தான், பின்பாட்டுக்காரர் ஒப்பாரியைத் தொடங்கினர், சக்கரம் சுழன்றுகொண்டேயிருந்தது. அவையினர் சிரித்தனர். அவர்களிற் குற்றமில்லை. இறந்தவன் தலையில் இறவாத ஒன்று ஆடினால் சிரிப்பன்றி வேறென்ன வரும்?

இதன் முன்னோடி நூறாண்டுக்கு மேற்பட்டது. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்து ஸ்போக்கேன் நகரைச் சேர்ந்த ஜேம்ஸ் பொயில் என்பவர் 1896 மார்ச் 10ஆம் திகதி ஒரு புதுமைத் தொப்பிக்குக் காப்புரிமை பெற்றார். கைநிறையப் பொருட்களோடு வரும் கனவான் எதிரே வரும் பெண்மணிக்குத் தலைசாய்த்தால், உள்ளேயுள்ள பாரக்கட்டை ஊசலாடிப் பொறியை விடுவிக்கும். தொப்பி தானே எழுந்து சுழன்று வணக்கம் செலுத்தி மீண்டும் அமரும். மிக்க விநோதமான கற்பனை. ஆனால் வணங்கும் செயல் மனிதனிடமிருந்து பொறிக்குக் கைமாறியதும் அது வணக்கமாக இருக்கின்றதா? பொயிலின் தொப்பியாவது அணிந்தவன் தலைசாய்க்கும்வரை காத்திருந்தது. மோட்டர் முடி அதற்கும் காத்திருப்பதில்லை. திருவிழாக் கடைகளில் அண்மைக் காலத்திற் காணும், கையிலுள்ள காற்றுப்பையை அமுக்கக் காது நிமிரும் முயல் தொப்பி இவ்விரண்டிலும் மேலானது என்று கூறினால் நகைப்பீர்கள். ஆனால் அக்காது எப்போது எழவேண்டும் என்பதைக் குழந்தை தீர்மானிக்கின்றது. அதனால் அது நடிக்கின்றது.

பகட்டு முழுவதையும் களைவதே முற்போக்கு எனக் கருதுவோருக்கும் ஒரு சொல். 1985இல் எமது பல்கலைக்கழகச் சூழலிற் பிறந்த 'மண் சுமந்த மேனியர்' உழைக்கும் மக்களை மேடையேற்றியது. அங்கு முடிக்கு இடமில்லை, இருக்கவும் கூடாது. ஆனால் முடியில்லாத தலைக்கு ஒரு பொருள் உண்டாவது முடியுள்ள தலையைக் கண்டிருந்தாற்றான். காங்கேசன்துறை வி. வி. வைரமுத்துவின் புகழ்பெற்ற மயான காண்டத்தில் அரிச்சந்திரன் சுடலை காக்கும் அடிமையாக நிற்கின்றான். அவன் தலையில் இப்போது இல்லாத அந்த முடியைத்தான் அவை முழுதும் பார்த்துக்கொண்டிருக்கின்றது. முடி அழகாக ஆடியிருந்த மரபொன்றிலேயே அவ்வின்மை இவ்வளவு கனக்கும்.

புதிய பொருட்களை நான் மறுக்கவில்லை. ரெஜிபோமின் இலேசு ஒரு வரம். மெல்லிய உருக்குக் கம்பி பழைய நூலிலும் நன்றாகத் துடிக்கும். இவற்றால் முடியின் உடலை இலேசாக்கி, தொங்கல்களைத் தாளத்துக்கேற்ற நீளத்தில் அமைப்பதற்கு எத்தடையும் இல்லை. தடையாயிருப்பது பழைய அளவுகள் நம்மிடம் இல்லாமையே. 1995இன் இடப்பெயர்வில் வீட்டையே விட்டுச் சென்றவர்கள் கூத்துப் பெட்டியைத் தோளிற் சுமந்து சென்றிருப்பார்கள் என எதிர்பார்க்க முடியாது. எஞ்சியவற்றை நிழற்படம் எடுத்துவைத்தாலும் அசைவு அதில் விழாது. கண்ணாடிப் பேழையில் வைத்த முடி, நின்றுபோன மணிக்கூட்டைப் போல உருவத்தை மாத்திரம் காட்டும்.

எனவே ஊரூராக எஞ்சியுள்ள முடிகளை அளக்க வேண்டும். தொங்கல் ஒவ்வொன்றின் நீளம், முடியின் மொத்த எடை, உட்சுற்றளவு, எப்பகுதி இறுகக் கட்டப்பட்டது, எப்பகுதி தளர விடப்பட்டது, எந்த அடிக்கு எது ஆடிற்று என்பவற்றை முதிய அண்ணாவிமாரிடமும் ஆடியவர்களிடமும் கேட்டு எழுதவேண்டும். முடிந்தால் அவர்களில் ஒருவர் தலையில் அதனை மீண்டும் ஏற்றி, மத்தளத்தோடு நாலடியாவது ஆடச்சொல்லிப் பதிவு செய்யவேண்டும். ஓர் அளவுநாடாவும் சிறு தராசும் கைத்தொலைபேசியும் கொண்டு அடுத்த விடுமுறையிலேயே தொடங்கக்கூடிய வேலை இது.